கீழேயா, மேலேயா?

பலெர்மோவில் யாராவது வீட்டில் கரண்ட் போய்விட்டது என்று போன் எடுத்தால் நான் முதலில் கேட்பது, "கீழேயா, மேலேயா?" என்றுதான். கீழே என்றால் தெருக்கதவுக்குப் பக்கத்தில் எல்லா வீடுகளுக்குமாகப் பொருத்தியிருக்கும் மின்மானி. மேலே என்றால் வீட்டுக்குள் இருக்கும் சோதனைப் பொத்தான் வைத்த சுவிட்ச். ஊரில் ட்ரிப் சுவிட்ச் என்போம். இங்கே அதற்கு 'சல்வாவீத்தா' என்று பெயர். ஒரு கம்பனி தன் சாமானுக்கு வைத்த பெயர்தான், இப்போது எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. சொல்லைப் பிரித்தால் உயிர்காப்பான்.

கீழே விழுந்தால் நாம் காசு கட்டி வாங்கிய அளவைத் தாண்டிவிட்டோம் என்று பொருள். மேலே உயிர்காப்பான் விழுந்தால் கரண்ட் போகக்கூடாத வழியில் எங்கோ ஒழுகுகிறது.

பல்லாரோ சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் இருக்கும் அக்கா வீட்டில் இரண்டும் விழுந்துகொண்டிருந்தன. அதுதான் குழப்பம். ஒரு நாள் கீழே, ஒரு நாள் மேலே, மூன்று கிழமையாக. அண்ணை இரவில் உணவகத்தில் கோப்பை கழுவப் போய்விடுவார். ஏழு வயது மகளை இருட்டில் விட்டுவிட்டு அக்கா டோர்ச்சோடு படியிறங்குவா. "அடுப்பை மாத்தச் சொல்லித்தாங்கோ தம்பி, இல்லாட்டி வீட்டை மாத்தச் சொல்லித்தாங்கோ" என்றா.

கீழே விழுந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு துண்டுக் காகிதம் போதுமாயிருந்தது. இத்தாலியில் சாதாரண வீட்டுக்கு 3 கிலோவாட்தான். மானி 3.3 வரை பேசாமல் விடும். அதற்கு மேலே போனால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு வெட்டும். காஸில் சமைக்கிற வீட்டுக்கு இது தாராளம். ஆனால் காஸ் குழாய் வராத பழைய வீடுகளில், சிலிண்டரை மாடிக்குத் தூக்குகிற கரைச்சல் வேண்டாமென்று வீட்டுக்காரர்கள் மின் அடுப்பை வைத்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தை மாற்றுவதில்லை. அக்கா வீட்டுப் பெரிய தட்டு 2000 வாட், சுடுதண்ணீர் பொய்லர் 1200, சோறு அவிக்கிற குக்கர் 500. கூட்டிப் பாருங்கள். 2017 முதல் அரைக் கிலோவாட் படிகளாகக் கூட்டலாம். ஆனால் மாதாமாதம் பில்லிலும் ஏறும். அதுவரைக்கும் வழி, சமைக்கிற நேரம் பொய்லரை நிற்பாட்டுவது. அக்கா அன்றைக்கே நிற்பாட்டினா. கீழே விழுவது நின்றது.

மேலே விழுவது நிற்கவில்லை.

வீட்டுக்காரர் ஒரு கைவேலைக்காரரை அனுப்பினார். வந்தவர் அடுப்பின் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். பிறகு பெட்டியைக் காட்டி, "இந்தச் சல்வாவீத்தாதான் பழுது. எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்ச் ஒன்று போடுகிறேன், இனி விழாது" என்றார். விழாதுதான். அக்காவுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. மூன்று கிழமை இருட்டில் படியிறங்கியவவைக் குறை சொல்ல முடியாது.

"வேண்டாமக்கா" என்றேன். இங்கே ஒரு மின்வேலைக்காரரோடு ஆறு வருஷம் கையாளாக நின்றவன் நான். உயிர்காப்பான் 30 மில்லி அம்பியர் ஒழுகினாலே கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். அதை எடுத்துவிட்டால் ஒழுகல் நிற்காது, நமக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். பழைய கட்டடத்தில் எர்த் கம்பி எவ்வளவு நல்லது என்று யார் கண்டது? ஈரக் கையோடு, வெறுங்காலோடு பிள்ளை அடுப்பில் சாய்ந்தால் கரண்ட் அவளுக்குள்ளால்தான் நிலத்துக்குப் போகும்.

வீடுகளுக்கு எர்த்தும் இந்த மாதிரி சுவிட்சும் வேண்டும் என்று இத்தாலி சட்டம் போட்டது 1990 மார்ச்சில். அதே வருஷம் நடுவில் போர் திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கரண்டே இல்லாமல் போனது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி வைத்த சிக்கன விளக்கில்தான் நான் வாய்ப்பாடு பாடமாக்கினேன். எங்கள் தலைமுறைக்கு இருட்டைப் பிடிக்காது. எப்படியாவது வெளிச்சம் வந்தால் சரி என்று இருந்துவிடுவோம்.

வீட்டுக்காரரிடம் போனில் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனேன். எங்கள் சனம் பாதி அன்றைக்கு மொந்தே பெல்லெகிரீனோ மலையேறி சாந்தா ரொசாலியாவிடம் போகும். அக்கா போகாமல் நின்றா. பொய்லர், ஃபிரிட்ஜ், குக்கர் எல்லாப் பிளக்கையும் கழற்றினோம். அடுப்பு மட்டும். ஒவ்வொரு தட்டாகப் போட்டு, பத்து நிமிஷம் மணிக்கூடு பார்த்தோம். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, ஒன்றுமில்லை. நாலாவது, பின்பக்கத்துச் சின்னத் தட்டு, நாலு நிமிஷத்தில் 'டக்'. ஆறவிட்டுத் திரும்பப் போட்டோம். திரும்பவும் 'டக்'.

தட்டுக்குள்ளே சூடாகிற கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட் என்ற வெள்ளைப் பொடி இருக்கும். கம்பியிலிருந்து கரண்ட் இரும்புக்குத் தாவாமல் தடுப்பது அதுதான். வெடிப்பு விழுந்து அதற்குள் ஈரம் ஏறினால் தடுப்புக் குறையும். சில வேளை குளிரில் பிடித்துக்கொண்டு நிற்கும், சூடு ஏறத்தான் விட்டுக்கொடுக்கும். கைவேலைக்காரர் ஆறின அடுப்பில் மீட்டர் வைத்தார். அவர் பார்த்தபோது உண்மையிலேயே ஒன்றுமில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் இந்தச் சின்னன்தானோ?" என்று கேட்டா அக்கா. அதில்தான் மகளுக்குப் பால் காய்ச்சுவாவாம்.

வீட்டுக்காரர் புது அடுப்புக்குச் சம்மதிக்கவில்லை. உயிர்காப்பானில் கை வைப்பதில்லை என்று மட்டும் ஒத்துக்கொண்டார். பதிவுள்ள மின்வேலைக்காரர் ஒருவர் வந்து அந்தத் தட்டைக் கழற்றி, கம்பிகளை முடித்துக்கட்டி, ஓட்டையை ஒரு தகரத்தால் மூடினார். போன கிழமை போனபோது மூன்று தட்டிலும் ஏதோ வெந்துகொண்டிருந்தது, பொய்லர் நின்றிருந்தது. தகரத்தின்மேல் அக்கா உப்புப் போத்தலை வைத்திருந்தா.