ஹோட்டலுக்குப் பிறந்த இயந்திரம்

ஒஹாயோவில் டேட்டன் நகருக்குப் பக்கத்தில் நாங்கள் வாங்கிய வீட்டோடு ஒரு பழைய டிஷ்வாஷரும் வந்தது. முகப்பில் கிச்சன்எய்ட் என்று பெயர். கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு தகடு. அதில் ஹோபார்ட், ட்ராய், ஒஹாயோ என்று பொறித்திருந்தது. எழுபதுகளின் சாமான், எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடும் என்றார் வீட்டைச் சோதித்துப் பார்த்தவர். அது படுக்கவில்லை. சமையலறையைப் புதுப்பித்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைத்தான் கழற்றி பேஸ்மென்ட்டில் போட்டோம். அதன் இடத்தில் வந்த புதியது, வாரண்டி முடிந்த சூட்டோடு நின்றுபோனது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நண்பர்கள் வீடுகளில் விசாரித்த வரையில், எல்லாக் கம்பெனிக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது.

இங்குள்ள தமிழ் வீடுகளில் டிஷ்வாஷருக்கு அப்படியொன்றும் பெரிய மரியாதை கிடையாது. கையால் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் கூடையாகவே அதை ஆயுள் முழுக்க வைத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அடிப்பிடித்த பால் பாத்திரத்தையும் மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் டப்பாவையும் அதை நம்பிக் கொடுக்க அம்மாக்களுக்கு மனம் வராது. ஆனால் புதியது நின்ற செய்தி பரவியதும் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: “அந்தக் காலத்து இரும்பே வேற.” அது உண்மைதானா, உண்மையென்றால் ஏன் என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டும் பேஸ்மென்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

பழையதன் கதவுக்குள் இருப்பது ஒரு டைமர். கையளவு மோட்டார் ஒன்று ஓர் உருளையை மிக மெதுவாகச் சுற்றுகிறது. உருளையின் மேல் வரிவரியாக மேடும் பள்ளமும். ஒவ்வொரு வரியின் மேலும் ஓர் உலோகப் பட்டை சாய்ந்து கிடக்கிறது. மேடு வந்தால் பட்டை எழும்பி மின்சாரம் சேரும், பள்ளம் வந்தால் விடும். ஒரு வரி தண்ணீர் வால்வுக்கு, ஒரு வரி மோட்டாருக்கு, இன்னொன்று ஹீட்டருக்கு. உருளை ஒரு சுற்று சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. தட்டில் சாம்பார் காய்ந்திருக்கிறதா, வெறும் காபித் தம்ளர்தானா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பட்டை முனைகளில் ஒன்று கரி பிடித்துக் கறுத்திருந்தது. உப்புத்தாளை மடித்து உள்ளே விட்டு நாலு இழுப்பு இழுத்தேன். பளபளவென்று வந்துவிட்டது. தொட்டி, எனாமல் பூசிய எஃகு. அடியில் அரைக் குதிரைத் திறன் மோட்டார். தூக்கிப் பார்த்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் கனம்.

புதியதில் பொத்தான்கள் கதவின் மேல் விளிம்பில் இருக்கின்றன. கதவைத் திறந்தவுடன் ஆவி நேராக ஏறும் இடம் அதுதான். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அங்கே வைத்தார்கள் போலும். ஆவிக்கு அழகு தெரியாது. கன்ட்ரோல் போர்டை ஈரம் புகாதபடி ரெசின் ஊற்றி மூடியிருந்தார்கள். ரெசினுக்கு அடியில் ஒரு ரிலேயின் காலைச் சுற்றிப் பழுப்பு வட்டம், ஈயம் வெடித்திருந்தது. அந்த ரிலே சில டாலர்தான். ஆனால் கடையில் முழு போர்டாகத்தான் கிடைக்கும். விலையோ புது இயந்திரத்தின் விலையில் பாதியைத் தொட்டது. ரெசினைச் சுரண்டி மறுபடி ஈயம் வைத்தேன். சில வாரம் ஓடியது.

ஆக, இரும்பு ஒரு காரணம்தான், ஆனால் முழுக் காரணமில்லை. இத்தனை கனமான ஒன்றை ஒரு வீட்டுக்காகச் செய்ய வேண்டும் என்று யாருக்கு, எதற்குத் தோன்றியது? தகட்டில் இருந்த ட்ராய் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். கேட்டதற்கு, “நாங்கள் ஹோட்டல்காரர்களுக்குச் செய்துகொண்டிருந்தவர்கள். வீட்டுக்குச் செய்யும்போது கை சின்னதாகச் செய்யப் பழகவில்லை, அவ்வளவுதான்” என்றார். பிறகு நான் படித்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு உரைதான்.

ஹோபார்ட் நிறுவனம் டிஷ்வாஷரைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. 1926-இல் கிரசென்ட் என்ற கம்பெனியை வாங்கியபோது, அதோடு அந்தத் தொழிலும் வந்தது. கிரசென்டின் வேர், இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் என்ற சிற்றூரில் ஒரு வீட்டுக் கொட்டகையில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் ஜோசபின் காக்ரேன்; 1839-இல் பிறந்தவர், வசதியான குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். விருந்துகளுக்குப் பரம்பரைப் பீங்கான் தட்டுகளை எடுப்பார். வேலைக்காரர்கள் கழுவும்போது விளிம்பு உடையும். அந்தக் கோபத்தில் யோசனை தொடங்கியது. 1883-இல் கணவர் இறந்து, கடன் மட்டும் மிஞ்சியபோது யோசனை பிழைப்பானது. ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக் உதவ, இயந்திரம் உருவாகி, 1886 டிசம்பர் 28-ஆம் தேதி 355,139 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது.

அந்தக் காப்புரிமையின் படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முன்பே, 1850-இல் ஜோயல் ஹௌட்டன் என்பவர் மரத்தில் ஒன்று செய்து காப்புரிமை வாங்கியிருந்தார். கைப்பிடியைச் சுற்றினால் பாத்திரத்தின் மேல் தண்ணீர் தெறிக்கும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. காக்ரேன் வேறு பக்கத்திலிருந்து தொடங்கினார். தட்டுகளை முதலில் அளந்தார். ஒவ்வொரு வகைத் தட்டுக்கும் கோப்பைக்கும் தனித்தனியாகக் கம்பிக் கூண்டு வளைத்தார். பாத்திரம் அசையாமல் நிற்கும், கூண்டு சுழலும், சோப்புத் தண்ணீரும் பிறகு சுத்தமான வெந்நீரும் பம்பின் வேகத்தில் அடிக்கும். இன்று நம் இயந்திரத்தில் கூடை நிற்கிறது, தண்ணீர்க் கை சுழல்கிறது. அந்த ஒரு மாற்றத்தைத் தள்ளிவிட்டால், தட்டைத் தேய்க்காமல் வெந்நீரின் அழுத்தத்தால் கழுவுவது என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது.

வீட்டுப் பெண்களுக்கு விற்கத்தான் அவர் ஆசைப்பட்டார். விற்கவில்லை. அந்தக் காலத்து வீடுகளில் அத்தனை வெந்நீருக்கு வழியில்லை; விலையும் அதிகம். வாங்கியவர்கள் சிகாகோவின் பெரிய ஹோட்டல்கள்: முதலில் பால்மர் ஹவுஸ், பிறகு ஷெர்மன் ஹவுஸ். துணையில்லாமல் ஷெர்மன் ஹவுஸின் முன்கூடத்தைக் கடந்து நடந்ததுதான் வாழ்க்கையில் தான் செய்த கடினமான காரியங்களில் ஒன்று என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடந்துபோய் 800 டாலருக்கு ஆர்டர் வாங்கி வந்தார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் உணவகங்களில் அவருடைய இயந்திரங்கள் ஓடின, பரிசும் கிடைத்தது. பரிசுக் குறிப்பில் எவற்றைப் பாராட்டினார்கள் தெரியுமா? இயந்திர அமைப்பு, நீடித்த உழைப்பு, எடுத்த வேலைக்கு ஏற்ற பொருத்தம். நான் தேடிக்கொண்டிருந்த குணம் 1893-இலேயே எழுத்தில் வந்திருக்கிறது.

ஹோட்டல்காரர் வேறு வகை வாடிக்கையாளர். இயந்திரம் ஒரு மதியம் நின்றால் சாப்பாட்டுக்கூடமே நிற்கும். உடைந்த தட்டுக்கும் கழுவும் ஆளின் கூலிக்கும் பழுது பார்த்த செலவுக்கும் அவரிடம் கணக்குப் புத்தகம் இருக்கும். அந்தப் புத்தகத்துக்குப் பதில் சொல்லவே இயந்திரம் கனமாகவும், ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகக் கழற்றும்படியும் வளர்ந்தது. காக்ரேன் 1913-இல் இறந்தார். 1949-இல் ஹோபார்ட் அதே குடும்பத்துச் சின்னப் பிள்ளையை கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்குள் அனுப்பியது. என் பேஸ்மென்ட்டில் கிடந்தது அந்த வம்சம். 1986-இல் கிச்சன்எய்ட் வேர்ல்பூல் கைக்குப் போனது. ட்ராயில் ஹோபார்ட் ஹோட்டல்காரர்களோடு தங்கிவிட்டது. வீட்டில் வாங்குபவர் கணக்குப் புத்தகம் வைப்பதில்லை. கடையில் நின்று விலைச்சீட்டையும் கதவின் நிறத்தையும் பார்க்கிறார். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

இங்கே நிறுத்தினால் பழையதுக்கு மாலை போட்டுவிடலாம். ஆனால் அதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பேஸ்மென்ட் சிங்க்கில் குழாயை மாட்டி, முழுச் சுமை ஏற்றினேன். சத்தத்தில் மாடியில் பேச்சுக் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் முடித்தது. கண்ணாடித் தம்ளர்கள் எல்லாவற்றிலும் வெள்ளைப் படலம்.

இயந்திரத்தின் மேல் குறையில்லை. தூள்தான் மாறிவிட்டது. முன்பு டிஷ்வாஷர் தூளில் பாஸ்பேட் இருந்தது. கடின நீரின் சுண்ணாம்பைப் பிடித்துவைத்து, கொழுப்பையும் கழற்றிவிடும். எங்கள் பகுதிக்கு நிலத்தடி நீர்தான், அதில் சுண்ணாம்புக்குக் குறைவில்லை. பாஸ்பேட் ஏரிகளில் சேர்ந்து பாசியை வளர்க்கிறது என்பதால், 2010 ஜூலை முதல் ஒஹாயோ உட்பட 16 மாநிலங்கள் அதைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டன. 2017-இல் ஐரோப்பாவும் அதையே செய்தது. அதன் இடத்தில் நொதிகள் வந்தன. நொதிகள் மிதமான சூட்டில், சாவகாசமாக வேலை செய்பவை.

புதியது ஏன் மூன்று மணி நேரம் ஓடுகிறது என்பதற்கும் இதுதான் பதில். ஜெர்மனியின் ஹெங்கெல் கம்பெனியில் இருந்த ஹெர்பர்ட் சின்னர் 1959-இலேயே ஒரு வட்டம் வரைந்து காட்டினார்: கழுவுவதற்கு வேண்டியவை ரசாயனம், விசை, வெப்பம், நேரம் நான்கும், ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்ட வேண்டும். டிஷ்வாஷர் தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெந்நீருக்கே போகிறது. பழைய இயந்திரங்கள் ஒரு தடவைக்கு 10 காலனுக்கு மேல், அதாவது 38 லிட்டருக்கு மேல் குடித்தன. அமெரிக்காவில் 2013 முதல் சட்டப்படி 5 காலன்தான் உச்சம்; எனர்ஜி ஸ்டார் முத்திரைக்கு அதிலும் குறைவு. தண்ணீரும் வெப்பமும் குறைந்தன, ரசாயனம் சாந்தமானது, மிஞ்சியது நேரம். தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க ஒரு சென்சார், அதற்கு ஒரு போர்டு, நாம் மாதாமாதம் கழுவ வேண்டிய ஒரு சல்லடை. அதே தம்ளர்களைப் பிற்பாடு புதிய இயந்திரம் ஒன்றில் போட்டேன், படலம் போய்விட்டது. கழுவுவதில் புதியதுதான் கெட்டி. இதைச் சொன்னால் ‘அந்தக் காலத்து இரும்பு’க்காரர்களுக்குப் பிடிப்பதில்லை.

ஆயுள் உண்மையில் குறைந்துவிட்டதா? ஜெர்மனியின் சுற்றுச்சூழல் துறைக்காக ஓகோ இன்ஸ்டிட்யூட்டும் பான் பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2016-இல் வந்தது. வீட்டுப் பெரிய சாதனங்களில், கோளாறு காரணமாக 5 வருடத்துக்குள் மாற்றப்பட்டவை 2004-இல் 3.5 சதவீதம், 2012-இல் 8.3 சதவீதம். வேண்டுமென்றே கெடும்படி செய்கிறார்கள் என்பதற்கு அவர்கள் சான்று காணவில்லை. ஆனால் மாற்றப்பட்டவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றப்பட்டவை. எங்கள் வீட்டு ஹோபார்ட்டை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதோடு, எழுபதுகளில் விற்ற எல்லா இயந்திரங்களும் இன்று ஓடவில்லை; செத்தவை எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன, பிழைத்தவையே நம் கண்ணில் படுகின்றன.

எனக்கு உறுத்துவது வேறு. பல புதிய மாடல்களில் ஹீட்டரையும் சுழற்சி பம்பையும் ஒரே துண்டாக்கிவிட்டார்கள். இடமும் மின்சாரமும் மிச்சம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹீட்டர் போனால் நல்ல பம்பும் குப்பைக்குப் போகிறது. தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொன்னதோ, அது ரெசின் ஊற்றச் சொல்லவில்லை, இரண்டு பாகத்தை ஒன்றாக்கவும் சொல்லவில்லை. ஐரோப்பாவில் 2021 மார்ச் முதல், ஒரு மாடல் விற்பனையை நிறுத்திய பிறகும் பம்ப், ஹீட்டர், போர்டு போன்றவற்றை 7 வருடமும், கூடை, தண்ணீர்க் கை, கதவு ரப்பர் போன்றவற்றை 10 வருடமும் கொடுத்தாக வேண்டும். கலிபோர்னியாவில் 2024 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஹோட்டல்காரரின் கணக்குப் புத்தகத்தை வீட்டுக்காரருக்காக அரசாங்கம் எழுதுவதாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் மறுபடியும் வாங்கப் போனபோது விற்பனையாளரிடம், “இதில் ஹீட்டர் தனியாகக் கிடைக்குமா, பம்போடு சேர்த்துத்தானா?” என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் தேடினார். மேனேஜரைக் கூப்பிட்டார். இருவருமாக யோசித்து, 5 வருட எக்ஸ்டெண்டட் வாரண்டிப் படிவத்தை எடுத்து நீட்டினார்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு மாடலின் பாகப் படத்தையும் திறந்து பார்த்தேன். ஹீட்டர் தனிக் கம்பியாகத் தொட்டிக்குள் படுத்திருப்பது மலிவான மாடல்களில்தான் இருந்தது. தொட்டி பிளாஸ்டிக், வைஃபை இல்லை, பொத்தான்கள் கதவின் முகத்தில். அதையே வாங்கினேன். நிறம் மனைவிக்குப் பிடிக்கவில்லை.