பின்னாலிருந்து ஒரு சத்தம்

மாங்குளம் புகையிரத நிலையத்துக்குக் கிட்டத்தான் எங்கள் வீடு. ரயில் கடக்கும்போது ஏணையில் கிடக்கும் ஏழு மாதப் பேரன் கண்ணை அகல விரிப்பான். "பாருங்க உம்மா, ரயில் சத்தத்துக்கு முழிக்கிறான்" என்று மகள் பூரித்துப் போவாள். நான் பேசாமலிருப்பேன். ரயில் போனால் நிலமும் அதிரும், ஏணைக் கயிறும் அதிரும். அதைக் காது கேட்பதற்குச் சாட்சியாக வைக்க எனக்குத் துணிவில்லை.

என் மூத்த மகன் 1990 ஜூனில் இதே ஊரில் பிறந்தான். யுத்தம் மீண்டும் மூண்ட மாதம் அது. வாப்பாதான் அவனுடைய வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொன்னார். அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் நாங்களும் சேர்த்தி. புத்தளத்து ஓலைக் குடிசையில்தான் அவன் தவழ்ந்தான்.

கிலுகிலுப்பையை ஆட்டினால் சிரிப்பான். நான் கை கொட்டினால் அவனும் சப்பாணி கொட்டுவான். பேச்சு மட்டும் வரவில்லை. "ஷெல் சத்தத்துக்குப் பயந்த புள்ள", "ஆம்புளப் புள்ள பிந்தித்தான் பேசும்" என்றார்கள். நம்பினேன். இரண்டரை வயதில்தான் அவனுக்குக் காது கேட்காதென்று தெரிந்தது. கிலுகிலுப்பையை அவன் கேட்கவில்லை, கண்டிருக்கிறான். நான் எப்போதும் அதை அவன் கண்ணுக்கு முன்னால்தான் ஆட்டியிருக்கிறேன்.

பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் உதவியைத் தொடங்குதல் என்பது இன்றைய வைத்தியர்களின் கணக்கு. பேரனைச் சோதித்தாயிற்று, குறையில்லை. ஆனாலும் கேள்திறன் பிற்பாடும் குறையலாம். ஆகவே விளையாட்டிலும் கண் வைத்திருக்கிறேன்.

அவன் காணாதபடி பக்கத்தில் இருந்து சிரட்டையைக் கரண்டியால் மெல்லத் தட்டுவேன். தலை திரும்பும். திரும்பியதும் முகத்தைக் காட்டிப் பெயர் சொல்லிச் சிரிப்பேன். அவன் "ப்பா" என்றால் நானும் "ப்பா" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். கொஞ்சம் பொறுத்தால் அவனுடைய முறை வரும். முறைவைத்துப் பேசுவதைப் பிள்ளை சொற்களுக்கு முன்னமே படித்துவிடுகிறது.

மகள் கைபேசியில் பாட்டுப் போட்டுப் பக்கத்தில் வைப்பாள். 2003இல் அமெரிக்காவில் பட்ரிசியா கூல் குழுவினர் வெளியிட்ட ஆய்வொன்றை அவளுக்குச் சொன்னேன். சீன மொழி பேசுபவர்கள் நேரில் விளையாடிக்காட்டிய ஒன்பது மாதக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியப் பழகின. அதையே திரையில் பார்த்த குழந்தைகள் பழகவில்லை. நம் புலவர்கள் நபிகள் நாயகத்தின் மீது பாடிய பிள்ளைத்தமிழிலும் சப்பாணி, முத்தம், அம்புலி என்று வருபவையெல்லாம் ஆளும் பிள்ளையும் முகம் பார்த்து ஆடுகிற ஆட்டங்களே.

பெருநாளைக்கு மூத்தவன் புத்தளத்திலிருந்து வருவான். சாரன் தலைப்பால் முகத்தை மூடித் திறந்து மருமகனுக்கு விளையாட்டுக் காட்டுவான். பிள்ளை கெக்கலித்துச் சிரிக்கும். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்காது. பிள்ளையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, சிரிப்பு அதிர்வதைத் தொட்டு அவனும் சிரிப்பான்.

பிள்ளை பெற்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நிறைய விளையாடுங்கள். கிலுகிலுப்பையை ஒரு தரமாவது பிள்ளையின் பின்னாலிருந்து ஆட்டிப் பாருங்கள். திரும்பாவிட்டால் யார் என்ன ஆறுதல் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தவள்.