திருப்புல்லாணி அரச மரத்தடி

ராமநாதபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது திருப்புல்லாணி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கடலரசன் வழிவிடுவான் என்று தர்ப்பைப் புல்லின் மேல் ராமர் படுத்துக் காத்திருந்த இடம் இது என்பார்கள். ஆனால் பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் தேடுவது ஆதி ஜெகந்நாதப் பெருமாளையும், கோயில் அரச மரத்தையும், அதன் அடியில் நிற்கும் நாகர் சிலைகளையும். தசரதனே இங்கே வேண்டித்தான் பிள்ளை பெற்றான் என்பது தல புராணம்.

கணவனும் மனைவியுமாகச் சேதுக்கரையில் கடலாடி, ஈரம் காயுமுன் வந்து, நாகப் பிரதிஷ்டை செய்து, பால் பாயசம் வாங்கிக் குடிக்க வேண்டும். நாகக் கல்லில் பின்னிப் பிணைந்த இரண்டு பாம்புகள், மேலே மஞ்சள், குங்குமம். பழைய கற்களில் படம் தேய்ந்து வெறும் மேடாகிவிட்டது. ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, பல வருஷம் “ஏதும் விசேஷம் உண்டா?” என்று கேட்கப்பட்ட ஒரு பெண் இருக்கிறாள். அந்தக் கேள்வியை ஆணிடம் யாரும் கேட்பதில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

இது நம் ஊரில் மட்டும் இல்லை. ஜப்பானில், ஃபூஜி மலையடியில் ஃபூஜினோமியா ஊரில் இருக்கிற ஷிண்டோ கோயிலில் கோனோஹனசகுயா என்ற தேவியைச் சுகப்பிரசவத்துக்காக வேண்டுகிறார்கள். ஒரே இரவில் கர்ப்பமானதால் கணவனே அவளைச் சந்தேகப்பட்டான். வாசலில்லாத குடிலுக்குள் புகுந்து, தீ வைத்து, அந்த நெருப்பிலேயே பிள்ளைகளைப் பெற்று அவள் தன்னை நிரூபித்தாள். புல்லில் படுத்த ராமர் மீட்கப் போன சீதையும் கடைசியில் தீயில்தான் இறங்கினாள். நிரூபிக்கிற வேலை எங்கேயும் பெண்ணுக்கே வந்து சேர்கிறது.

அதனால்தான் திருப்புல்லாணி வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே ஆணும் ஈர வேட்டியோடு நிற்க வேண்டும்.

நான் போயிருந்த அன்று, மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, கல்லுக்குப் பால் ஊற்றிய பெண்ணிடம், “எத்தனை வருஷமாச்சு தாயி? உனக்கு என்ன குறையாம்?” என்றார். அவள் தலை குனிந்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கணவன் சொன்னான்: “குறை எனக்குத்தான் ஆத்தா. டாக்டர் சொல்லிட்டாங்க. மருந்து சாப்பிடுறேன்.”

பாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப பாயசத்த நீ நல்லாக் குடிய்யா” என்றார்.