சேமித்து வைத்த வெயில்

என் தங்கை பருத்த உடல்வாகு உடையவள். இரண்டு ஆண்டுகளாக இடுப்பிலும் தொடை எலும்பிலும் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தால் வலிக்கத்தான் செய்யும். கொஞ்சம் வெயிலில் நில், காலார நட" என்று நானும் இரண்டு ஆண்டுகளாக உபதேசம் செய்துகொண்டிருந்தேன். "மொட்டைமாடியில் வற்றல் காயவைப்பது யாராம், அண்ணா?" என்று ஒருமுறை கேட்டாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்று என்னையே உறுத்துகிறது.

சென்ற ஆண்டு இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம்தான் இருந்தது. 20-க்குக் கீழே இறங்கினால் குறைபாடு என்று பல ஆய்வகங்கள் கொள்கின்றன. வெயிலில் நிற்கிறவளுக்கு வெயில் தரும் சத்து குறைவானேன்? இக்கேள்விதான் என்னைப் படிக்கத் தூண்டியது.

நம் தோலில் கொலஸ்டிராலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் உண்டு. சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் அது வைட்டமின் டி ஆக மாறுகிறது. பின்னர் கல்லீரலிலும் அடுத்துச் சிறுநீரகத்திலும் உருமாறிய பிறகே உடலுக்குப் பயன்படுகிறது. ஆனால் இது நீரில் கரையாது, கொழுப்பில் கரைவது. ஆகவே வழியில் கொழுப்புத் திசு கண்டவிடத்து அதனுள் புகுந்து தங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹோலிக் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பருமனானவர்களுக்கும், அல்லாதாருக்கும் ஒரே அளவு புற ஊதாக் கதிரை உடல் முழுதும் பாய்ச்சினர். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, பருமனானவர்களின் இரத்தத்தில் வைட்டமின் ஏறிய அளவு 57 விழுக்காடு குறைவாயிருந்தது. தோலிலுள்ள மூலப்பொருளிலோ பெரிய வேறுபாடு இல்லை. தோல் தன் கடமையைச் செய்தது. கிடைத்ததைக் கொழுப்பு பிடித்து வைத்துக்கொண்டது. ஒரு கை உப்பைச் சட்டியில் போட்டால் கரிக்கும், அண்டாவில் போட்டால் தெரியாது என்பதுபோல, பெரிய உடலில் சத்து பரவி நீர்த்துப்போகிறது என்று விளக்குவோரும் உண்டு.

சத்துக் குறைவால்தான் உடல் பெருக்கிறதோ என்றும் ஐயுற்றேன். ஏறத்தாழ 42,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்து 2013-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது: பருமன் வைட்டமினைக் குறைக்கிறது, வைட்டமின் குறைவு பருமனை உண்டாக்குவதாகச் சான்று கிடைக்கவில்லை. எனவே மாத்திரையால் உடல் மெலியும் என்று எதிர்பார்ப்பது வீண். எடை குறைந்தால் இரத்தத்தில் இச்சத்து ஓரளவு உயர்கிறது. பருமனானவர்க்கு இரண்டு, மூன்று மடங்கு மருந்துகூடத் தேவைப்படலாம். ஆனால் அந்த அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். மிகுந்துவிட்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

இவ்வளவும் அறிந்துகொண்டு தங்கை வீட்டுக்குச் சென்றேன். "நீ வெயிலில் நின்றது பொய்யில்லை, அம்மா. நான்தான் நம்பவில்லை" என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு பொட்டலத்துடன் வந்தாள்.

"சுண்டைக்காய் வற்றல். நன்றாகக் காய்ந்திருக்கிறது. எடுத்துக்கொண்டு போங்கள், அண்ணா."