ஓய்ந்த கம்பு

உடற்பயிற்சி எதுவாயினும் அதற்கு முதற்பொருள் ஊக்கமே என்பர் பெரியோர். அஃது உள்ளபோது ஏன் உளது என ஒருவரும் வினவுவதில்லை. அகன்ற பின்னரே அதன் வரவும் செலவும் ஆராயப்படுகின்றன. யாம் பயின்ற சிலம்பத்தில் எமக்கு அவ்வாராய்ச்சி நேர்ந்தது. இக்கல்லூரியிற் பந்தாடுவோரும் ஓட்டம் பயில்வோரும் பலராதலின், அவர்தம் அநுபவத்தோடு ஒப்பிட்டு நோக்குதற்காயினும் எம் கதை உதவக்கூடும் என எண்ணி ஈண்டு எழுதலாயினோம்.

எம்மூர் விக்கிரமசிங்கபுரம். நெல்லைக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால், பொதிகையினின்று இறங்கும் தாமிரபரணி பாபநாசத்திற் சமவெளியைத் தொடுமிடத்தை அடுத்து உள்ளது. 1880-களில் ஹார்வி சகோதரர் அவ்வருவியின் நீர்வலிமையை நம்பி நிறுவிய பஞ்சாலையாற் பெருகிய ஊராதலின், எம் பாட்டன்மார் காலத்தில் உண்பதும் உறங்குவதும் ஆலைச் சங்கின்படியே நடந்தன. எம் ஆசானும் அவ்வாலையில் உழைத்தவரே. அக்காலத்து இரவு ஷிப்டு முடித்து வருவோர்க்கு விடியலிலும், பகல் ஷிப்டு முடித்து வருவோர்க்கு அந்தியிலுமாகச் சிலம்பக்களம் இருவேளை நடந்ததென அவர் கூறுவர். பஞ்சுத்தூசி படிந்த மார்புக்கு ஆற்றங்கரைக் காற்றும் கம்புவீச்சுமே மருந்து என்பது அவர் கொள்கை. ஊரார் அவரை வாத்தியார் என்றே அழைப்பர். வெற்றிலை பாக்கின்மேல் ஒரு நாணயம் வைத்து முதல்நாள் அவர் காலடியில் வைப்பதன்றி, அவர்பால் யாதொரு சம்பளமும் இல்லை.

யாம் எழுவர் 2021-ஆம் ஆண்டிற் களம் புகுந்தோம். அவ்வாண்டு தமிழ்நாட்டரசு, அரசுப்பணியில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டிற் சிலம்பத்தையும் சேர்த்தது. செய்தி பரவிய சில திங்களில் ஆற்றங்கரைத் திடலிற் சிறார் நிரம்பினர். எம் தந்தையர் எம்மை அனுப்பியதும் அச்செய்தி கேட்டேயாம். அதனைக் குறையென்று யாம் கருதவில்லை. பசித்தவன் உணவின் பொருட்டுத் தமிழ் கற்பினும் தமிழ் அவனைத் தள்ளிவிடுவதில்லை, கம்பும் அத்தகையதே.

முதல் மூன்று திங்கள் கையிற் கம்பு தரப்படவில்லை. கால்வைப்பு மட்டுமே. அதனைச் சுவடு என்பர். பின்னர்ப் புருவமட்டத்திற்கு அளந்து நறுக்கிய கம்பு, வணக்க வரிசை, ஒற்றைவீச்சு, இரட்டைவீச்சு என ஏறிச் சென்றோம். கம்பு காற்றைக் கிழிக்கும் ஓசை முதன்முறை எம் செவியில் விழுந்த அந்தி, எம்முள் ஒருவன் இரவு உணவே கொள்ளாது சுழற்றிக்கொண்டிருந்தான். சிலம்புதல் என்பது ஒலித்தல். சிலம்பு என்பது மலைக்கும் பெயர். இக்கலைக்குப் பெயர் வந்த காரணம் ஓசையே என்பாரும் மலையே என்பாரும் உளர். மலையடிவாரத்தில் நின்று கம்பு வீசும் எமக்கு இரண்டும் ஒக்குமாதலின் அவ்வழக்கில் யாம் புகவில்லை.

2023 டிசம்பர் 17, 18 நாட்களிற் பெய்த பெருமழையை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு எம் திடலின்மேல் முழங்கால் அளவு மணலை இட்டுச் சென்றது. யாம் சட்டிகொண்டு மணலை அள்ளத் தொடங்கியபோது, பாதி அள்ளியதும் ஆசான் தடுத்துவிட்டார். “கெடக்கட்டும்லே, மணல் நல்லா சொல்லிக்குடுக்கும்” என்றார். காரணம் அன்று விளங்கவில்லை. எனினும் அத்தை மாதத்தில் ஈரமணலிற் கால் புதையப் புதைய யாம் பயின்றதுபோல் அதற்கு முன்னும் பின்னும் பயின்றதில்லை. இதனை ஈண்டுக் குறிப்பது, இடையூறே ஊக்கத்தைக் கெடுக்கும் என்று பலரும் கருதுவது எம் அளவிற் பொய்யாயிற்று என்பதற்காகவே. வெள்ளம் எம் ஊக்கத்தைத் தொடவில்லை. அதனைத் தொட்டவை பிறகு வந்த நல்ல நாட்களேயாம்.

அந்நல்ல நாட்கள் இவை. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிற் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. எங்கும் போட்டிகள் பெருகின. எதிராளியின் மெய்யிற் கம்பு படுந்தோறும் புள்ளி என்னும் தொடுமுறைப் போட்டியில் எம்முள் இருவரும், தனித்திறன் வீச்சில் மூவரும் பரிசு பெற்றனர். சான்றிதழ்கள் வந்தன. அவற்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர் வீட்டார். அதன்பின் கம்பு மூலையிற் சாய்ந்தது. சில வீடுகளிற் கொடிக்கயிற்றுக்கு முட்டுக்கொடுக்கும் தொழிலை மேற்கொண்டது.

களைப்பு வேறு, சலிப்பு வேறு. களைப்பு ஓர் இரவு உறக்கத்தில் நீங்கும். சலிப்போ உறங்கி எழுந்தாலும் கட்டிலருகே காத்திருக்கும். எம் கைகள் கற்றவற்றைத் தாமே செய்தன. மனம் அப்பொழுது வேறெங்கோ சந்தையிற் சுற்றிக்கொண்டிருந்தது. இரட்டைவீச்சை நூறு முறை செய்க என்றால் நூறும் செய்வோம். எண்ணிக்கை ஒன்றே நினைவில் நிற்கும். கற்கவேண்டியது இனி யாதுமில்லை என்னும் எண்ணம் எப்பொழுது வந்தமர்ந்ததென அறியோம். பின்னர் நாங்கள் கல்லூரிகளுக்குப் பிரிந்தோம். மூவர் இக்கல்லூரி விடுதிக்கு வந்தோம். தேர்வு, பயணம், மழை என ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு காரணம் கிடைத்தது. எல்லாம் உண்மையான காரணங்களே. ஆயினும் முன்னாட்களிலும் அவை இருந்தனவன்றோ? ஆசான் சினந்திலர். “காகிதம் வந்துட்டுல்லா, இனி கம்பு எதுக்குலே?” என ஒருமுறை சிரித்துக்கொண்டே கூறினர். அவ்வளவே.

ஊக்கத்தை மீட்க யாம் செய்த முயற்சிகள் சில நகைப்புக்குரியன. சரித்திரம் படித்தோம். 1799 அக்டோபர் 16-இற் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்ததும், அவ்வாண்டு டிசம்பரிற் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்பாளையங்களின் மக்கள் படைக்கலம் ஏந்துதலை விலக்கி அறிக்கை விடுத்ததும் படித்தோம். வேலும் வாளும் பறிபோன நாட்டில் உழவன் கையில் எஞ்சியது மாடு மேய்க்குங் கம்பொன்றே என்றும், இக்கலை இத்துணைக் காலம் உயிர்தாங்கியதற்கு அக்கம்பின் எளிமையும் ஒரு காரணமாகலாம் என்றும் எமக்குள் பேசிக்கொண்டோம். குருதி கொதித்தது, இரண்டு நாட் கொதித்தது. மூன்றாம் நாட் காலை ஐந்து மணிக்கு எழுதற்குக் கட்டபொம்மன் உதவவில்லை.

குறளையும் நாடினோம். ஊக்கமுடைமையை 60-ஆம் அதிகாரமாக வைத்த வள்ளுவர் அடுத்தே மடியின்மையை 61 ஆகவும், ஆள்வினையுடைமையை 62 ஆகவும் வைத்தனர். தமிழ் ஆனர்ஸ் மாணாக்கராகிய எமக்கு அதிகார வைப்புமுறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுத விருப்பம் பிறந்தது. கம்பைத் தொட விருப்பம் பிறக்கவில்லை. கைபேசித் திரையில் ஓடும் சிலம்பக் காட்சிகளையோ சொல்லவேண்டுவதில்லை. பிறர் சுழற்றக் கண்டு மகிழ்வது, பிறர் உண்ணக் கண்டு பசியாறுவது போன்றது.

சென்ற தை மாதம் ஆசானைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கையும் வலக்காலும் ஓய்ந்தன, நாவும் தடித்தது. விடுதிக்குச் செய்தி வந்த அன்றே புறப்பட்டுச் சென்றோம். திடலில் ஒருவரும் இலர். அவர் மனைவியாராகிய ஆச்சி எம்மைக் கண்டதும், “கம்பெல்லாம் அப்படியே கெடக்கு மக்கா” என்றார். யாம் விடைகூற இயலாது நின்றோம். ஆசான் கற்ற பாடங்கள் ஏட்டில் இல்லை. குறவஞ்சி, மறக்காணம், துடுக்காண்டம் எனச் சிலம்ப வகைகளின் பெயர்களைப் பலரும் அடுக்குவர். அவர் மாமன் வழி வந்த கால்வைப்பின் ஒழுங்கும், ஓரடிக்கு மாற்றடி இன்னதென்னும் கணக்கும் அவர் உடம்பில் மட்டுமே இருந்தன. அவ்வுடம்பின் பாதி இப்பொழுது அவர் சொற் கேளாது கிடந்தது.

துயரம் எம் ஊக்கத்தை மீட்டது என்று எழுதினால் படிப்போர் நம்புவர். ஆனால் அஃது உண்மையன்று. கடமை என்று கருதியே சனிக்கிழமைதோறும் பஸ் ஏறினோம். சிறுவர் ஐவரைத் திரட்டி முதற் சுவடு கற்பிக்கத் தொடங்கினோம். சலிப்பு எம்முடனே பஸ்ஸில் வந்து எம்முடனே திரும்பியது. இங்ஙனம் நான்கு கிழமை கழிந்தன.

ஐந்தாம் கிழமை ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் கேட்டான்: “அண்ணே, சுவடு வைக்கையில குதிங்காலு தரையில படக்கூடாதுங்கீங்களே, ஏன்?” யாம் ஒருவரையொருவர் நோக்கினோம். ஆசான் அவ்வாறு கூறியிருந்தார், யாமும் அவ்வாறே வைத்தோம், பரிசும் பெற்றோம். ஏன் என்பது எம்மில் ஒருவர்க்கும் தெரியவில்லை. அவனையே அழைத்துக்கொண்டு ஆசான் கட்டிலருகே சென்றோம். அவர் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிக் கூறியது இது: குதிகால் தரையில் அழுந்தினால் உடம்பு நின்றுவிடும், நின்ற உடம்பைத் திசைதிருப்ப மறுபடியும் குதிகாலை எடுக்கவேண்டும், எடுக்கும் அந்த நொடிக்கே எதிரி காத்திருக்கிறான். பின், மறுநாட் காலையிற் தம்மை நாற்காலியோடு திடலுக்குத் தூக்கிச் செல்லுமாறு கூறினர்.

தூக்கிச் சென்றோம். வெள்ளம் இட்ட மணலிற் பாதி இன்னும் கிடந்தது. எம் மூவரையும் தனித்தனியே முதற் சுவடு வைத்துக் காட்டுமாறு பணித்து, யாம் முடித்தபின் எம்மை நோக்காது மணலையே நோக்கினர். மணலில் எம் காலடிகள் எழுதியிருந்தன. இடக்கையாற் கம்பின் நுனியை நீட்டி ஒவ்வோர் அடியையும் காட்டினர்: இங்கே குதிகால் ஆழப் பதிந்தது, இங்கே பெருவிரல் வெளியே திரும்பியது, இவ்விரண்டு அடிக்கும் இடைவெளி மிகுதி. சுவடு என்னும் சொல் காற்பதிவுக்கும் கால்வைப்புக்கும் ஒன்றாயிருத்தலை அன்றுதான் கண்டோம். மணல் சொல்லிக்கொடுக்கும் என்று அவர் முன்னர்க் கூறியதும் அன்றுதான் விளங்கியது.

அடுத்துக் கம்பெடுக்கச் சொல்லி, அவர் கண்களை மூடிக்கொண்டார். யாம் வீசினோம். “ஏலே, மூணாவது சுத்துல கம்பு இருமுதுலே. மணிக்கட்டப் பாரு” என்றார். கேட்டுப்பார்த்தோம். உண்மையே, மூன்றாம் சுழற்சியில் ஓசை ஒரு கணம் அறுந்து மீண்டும் தொடர்ந்தது. கம்பு ஒரு கையினின்று மறுகைக்கு மாறுமிடத்தில் மணிக்கட்டு திரும்பத் தாமதித்ததே காரணம். பல்லாயிரம் முறை செய்த வீச்சு. ஒரு முறையேனும் அதன் ஒலியை யாம் கேட்டிலம். அன்று காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். வெயில் ஏறி ஆச்சி நீராகாரங் கொண்டுவந்தபோது மணி பதினொன்றரை. எம்முள் ஒருவரும் எண்ணிக்கை எடுக்கவில்லை என்பது பின்னரே நினைவுக்கு வந்தது.

எம்மூரிற் பிறந்த மாதவச் சிவஞான முனிவரைப் பற்றி ஈண்டு ஒன்று கூறவேண்டும். 1785-ஆம் ஆண்டிற் மறைந்த அப்பேரறிஞர் தொல்காப்பியத்திற்கு விருத்தியுரை காணப் புகுந்து, பாயிரத்திற்கும் முதற் சூத்திரத்திற்கும் மட்டுமே ஒரு நூலளவு எழுதினர். வகுப்பில் அந்நூலைக் கண்டபோது, ஒரு சூத்திரத்தில் இத்துணை நேரம் நிற்பானேன் என எம்முள் ஒருவர் வியந்ததுண்டு. கீழ்த்திசையிலும் இத்தகைய நிற்றல் உண்டு. ஒக்கினாவாத் தீவிற் பிறந்து ஜப்பானிற் கராத்தேயைப் பரப்பிய பூனகோஷி கிச்சின் (1868–1957), மூன்று படிவங்களைக் கற்கத் தமக்குப் பத்தாண்டு சென்றதென எழுதியுள்ளார். படித்த அளவில் அது பொறுமையின் பெருமையாகத் தோன்றும். மணலில் நின்று பார்த்தபின் எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர்கள் பொறுத்திருந்ததாகவே தெரியவில்லை; முதற் சூத்திரத்திற்குள் இன்னும் பொருள் இருந்தமையின் அங்கேயே இருந்தனர். தீர்ந்துவிட்டது என்று எண்ணப்பட்ட ஒன்று தீரவில்லை என்று கண்டவிடத்தே எம் சலிப்பு எம்மை விட்டுச் சென்றது. எந்தச் சனிக்கிழமை எந்த நிறுத்தத்தில் இறங்கியது என அதற்குக் கணக்கில்லை.

இதனால் எழுவரும் திரும்பினர் என்று கொள்ளற்க. நால்வரே வருகின்றோம். ஒருவர் திருப்பூரில் வேலைக்குச் சென்றுவிட்டார். இருவர்க்கு விருப்பமில்லை, அவரை யாம் வற்புறுத்துவதுமில்லை. சிறுவர் இப்பொழுது ஒன்பதின்மர். அவருள் மூவர் சிறுமியர். ஓசையைப் பிடிப்பதில் அவர்களே முந்துகின்றனர். ஆசான் கோலூன்றிப் பத்தடி நடக்கின்றார். மாலைகளில் அவர் சொல்லச் சொல்லப் பாடங்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருகின்றோம். இதுவரை 11 பாடங்களின் பெயரும் கால்முறையும் ஏறியுள்ளன. அவர் கூறும் சொற்கள் சில அகராதியிற் காணப்படவில்லை; அவற்றை அவர் ஒலித்தவாறே எழுதி வைத்துள்ளோம்.

மூன்றாம் சுழற்சியில் எம் கம்பின் இருமல் பெரும்பாலும் நின்றுவிட்டது. குதிகால் மட்டும் இன்னும் சிற்சில இடங்களில் மணலைத் தொடுகின்றது. இரண்டாஞ் சுவட்டிற்கு எமக்கு இன்னும் உத்தரவாகவில்லை.