மாயக் கண்ணாடிக்குள் அடங்காத வேதாரண்யம்!

காலை எட்டு மணிக்கே அகஸ்தியம்பள்ளியில் கண் கூசுகிறது. வேதாரண்யத்தை ஒட்டிய இந்த ஊரில் பாத்தி பாத்தியாக உப்பளங்கள். மேலே வெயில், கீழே வெள்ளை வெளேரென்று உப்பு.

1930 ஏப்ரல் 30-ம் தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானது இங்கேதான். ஏப்ரல் 13-ல் சுமார் 100 தொண்டர்களுடன் திருச்சியில் கிளம்பி, நடந்தே வந்தார். அதன் நினைவாக இங்கே ஒரு ஸ்தூபி நிற்கிறது.

‘இந்தக் கண்ணாடியை மாட்டினால் ராஜாஜி உங்கள் எதிரே நடந்து வருவார்!’ என்று யாராவது சொன்னால் ஆசையாகத்தான் இருக்கும். ஆக்மென்டட் ரியாலிட்டி ஹெட்செட் நிறுவனங்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காட்டிவரும் ஆசை இதுதான். ஆனால், டெமோவில் பார்த்தது கைக்கு வருகிறதா?

2015-ல் அமெரிக்காவின் மேஜிக் லீப் நிறுவனம் ஒரு வீடியோ வெளியிட்டது. உள்விளையாட்டு அரங்கின் தரையிலிருந்து ஒரு திமிங்கிலம் துள்ளி எழுந்தது. உலகமே வாயைப் பிளந்தது. 2018-ல் 2,295 டாலர் விலையில் ஹெட்செட் வந்தபோது அந்தப் பிரமாண்டம் இல்லை. பார்வையின் நடுவே ஒரு கட்டத்துக்குள் மட்டும்தான் உருவங்கள் தெரிந்தன. பெரிய உருவத்துக்குக் கிட்டே போனால், பாதி வெட்டுப்பட்டுவிடும். மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸுக்கும் இதே புகார் வந்தது. கூகுள் கிளாஸோ 1,500 டாலருக்கு விற்கப்பட்டு, 2015 ஜனவரியில் பொதுமக்களுக்கான விற்பனையையே நிறுத்திக்கொண்டது.

காரணம் எளிது. இந்த வகைக் கண்ணாடிகள், நாம் பார்க்கும் காட்சியின் மேல் கொஞ்சம் வெளிச்சத்தைச் சேர்க்கின்றன, அவ்வளவுதான். வெயிலில் அந்த வெளிச்சம் வெளிறிவிடும். அதனால்தான் டெமோக்கள் பெரும்பாலும் அரங்குக்குள் நடக்கின்றன. உப்பளம் போன்ற இடத்தில் ராஜாஜி வெறும் நிழலாகக்கூடத் தெரிய மாட்டார்.

இன்னொரு சிக்கல், கறுப்பு நிறம். வெளிச்சத்தைக் கூட்டிக் கறுப்பைக் காட்ட முடியாதே! அங்கிருந்து சுமார் 10 கி.மீ தொலைவில் இருக்கிறது கோடியக்கரை சரணாலயம். அங்கே ஆண் வெளிமானின் கருத்த முதுகும் வெள்ளை வயிறும் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். சீசனில் போனால் பூநாரைக் கூட்டத்தையும் பார்க்கலாம்.

தொழிற்சாலைப் பயிற்சி போன்ற வேலைகளுக்கு இந்த ஹெட்செட்கள் உதவக்கூடும். ஆனால், வேதாரண்யத்தில் உடனடியாகத் தேவைப்படுவது வேறு கண்ணாடி. நாள் முழுக்க உப்பு வாருகிறவர்களின் கண்களை, பயணிகளால் பத்து நிமிடம்கூடத் தாங்க முடியாத இந்தக் கூச்சம் வருடக்கணக்கில் பாதிக்கிறது. அவர்களுக்குச் சாதாரண கறுப்புக் கண்ணாடி போதும். அதற்கு டெமோவே தேவையில்லை!

அடுத்த முறை ஹெட்செட் டெமோவுக்கு யாராவது கூப்பிட்டால் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘இதை வெளியே வெயிலில் காட்ட முடியுமா?’

வேதாரண்யத்துக்குக் கிளம்புகிறவர்கள், தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.