இலங்கை செல்லப் புறப்படுமுன்

இது போய்வந்த கதையன்று. போவதற்கு முன் நடந்த கதை. வரும் மார்ச்சு மாத இறுதியில் என் தாயார், மனைவி, மக்கள் இருவர், நான் ஆகிய ஐவரும் இலங்கைக்குச் செல்லவிருக்கிறோம். ஆறு திங்களாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மீது அத்தீவின் படம் விரித்தபடியே கிடக்கிறது. அதன்மேல் சாம்பார் சிந்தி, வவுனியாவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே புதியதோர் ஏரியும் உண்டாகிவிட்டது. இந்த ஆறு திங்களில் கற்றவற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லி வைத்தால் சிலருக்கேனும் பயன்படும் என்று எண்ணுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். படத்தில் பார்த்தால் இலங்கை கைக்கடக்கமாகத் தோன்றும். ‘ஐந்து நாளில் சுற்றிவிடலாம்’ என்றுதான் நானும் தொடங்கினேன். அதன் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி. நடுவே மலைகள் நிற்கின்றன. பிதுருதலாகல என்னும் சிகரம் 2,524 மீட்டர் உயரமுடையது. மலைப்பாதையில் எழுபது கிலோமீட்டர் செல்ல இரண்டரை மணி நேரம் வேண்டும். இங்கே புனே செல்லும் விரைவுச் சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் கணக்கும் தவறும், முதுகும் நோகும்.

அடுத்து மழை. மும்பையில் வாழும் நமக்கு இதை விளக்குவது எளிது. ஜூன் மாதத்தில் நம் ரயில் பாதைகளை மூழ்கடிக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, அதற்குச் சில நாட்கள் முன்பாகவே கொழும்பையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைத்துவிட்டுத்தான் வடக்கே வருகிறது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழை. மலைகள் குறுக்கே நிற்பதால் அக்காலத்தில் திருகோணமலையும் மட்டக்களப்பும் வறண்டு வெயில் காய்கின்றன. அக்டோபருக்குப் பின் சென்னையை நனைக்கும் வடகிழக்கு மழை யாழ்ப்பாணத்தையும் கிழக்குக் கரையையும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே, ‘இலங்கைக்கு எந்த மாதம் நல்லது?’ என்று கேட்பதில் பொருளில்லை. இலங்கையின் எந்தப் பக்கத்திற்கு என்று கேட்க வேண்டும். வடக்கையும் மலைநாட்டையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோர்க்குப் பிப்ரவரியும் மார்ச்சும்தான் பொருத்தம். ஏப்ரல் பிறந்தால் சித்திரைப் புத்தாண்டு வந்துவிடும். அதைத் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே கொண்டாடுகின்றனர். கடைகள் மூடிக்கிடக்கும், வண்டிகளில் நிற்க இடமிராது. என் மகளின் தேர்வு முடிவதற்கும் புது வகுப்புத் தொடங்குவதற்கும் இடையே உள்ள பத்து நாட்கள் அதற்கு முன்பே அமைந்தது எங்கள் நல்வினை.

காலம் முடிவாயிற்று, வழி முடிவாகவில்லை. மும்பையிலிருந்து கொழும்புக்கு நேரே விமானம் உண்டு. சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். ஆனால், எனக்குக் கப்பல் ஆசை. முற்காலத்தில் சென்னையில் ‘போட் மெயில்’ ஏறியவர், 1914இல் கட்டிய பாம்பன் பாலத்தைக் கடந்து, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார். 1964 டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் போர் தொடங்கியபின் நின்றுபோயிற்று. நெடுங்காலம் கழித்து, 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே புதிய கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடியது. ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் அக்கரை சேர்க்கிறது. வடகிழக்கு மழைக்காலத்தில் நிறுத்திவிடுகிறார்கள்; மற்றைக் காலத்திலும் கடலின் நிலை பார்த்தே விடுகிறார்கள். ஆதலின் கப்பலில் செல்ல நினைப்போர் முன்னும் பின்னும் ஒரு நாள் ஒதுக்கிக்கொள்வது நலம்.

போகவும் வரவும் கப்பலே என்று நான் எழுதி வைத்திருந்த தாளை என் தாயார் ஒரு மாலை எடுத்துப் பார்த்தார். அதுவரை இத்திட்டத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. “தம்பி, போகும்போது எப்படியும் போகலாம். திரும்பும்போது கப்பல் வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார்.

இதற்குக் காரணம் சொல்ல வேண்டும். என் தாயார் 1956இல் இலங்கையில், ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயக் காம்பராவில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் துறையூர்ப் பக்கத்திலிருந்து கங்காணியோடு சென்றவர். 1948இல் இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழர் பெரும்பாலோர் எந்நாட்டு மக்களும் அல்லாதவர் ஆயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். எண்ணிக்கையைப் பிரிப்பது எளிது. குடும்பம் அப்படிப் பிரிவதில்லை. என் பாட்டனார் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். மூத்த மகளை, அதாவது என் பெரியம்மாவை, 1968இல் மணம் செய்துகொண்டவரின் குடும்பமோ இலங்கைக்கு விண்ணப்பித்திருந்தது. 1970இல் மற்றவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். பெரியம்மா ஹட்டன் ரயிலடியோடு நின்றுவிட்டார். என் தாயாருக்கு அப்போது வயது பதினான்கு.

இந்தக் கரையில் நீலகிரியில், இலங்கையிலிருந்து திரும்பியோருக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. கோத்தகிரியில் என் தாயார் முப்பது ஆண்டு கொழுந்து பறித்தார். அந்தக் கூலியில் படித்துத்தான் நான் மும்பை வந்தேன். பெரியம்மாவிடமிருந்து 1983 வரை கடிதம் வந்தது; அவ்வாண்டுக் கலவரத்திற்குப் பின் வரவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரி உறவினர் ஒருவர் வழியாக, பெரியம்மாவின் பேரன் கைப்பேசியில் பேசினான். பெரியம்மா இருக்கிறார், வயது எழுபத்தேழு, காது கேட்பதில்லை. கைப்பேசியின் சிறு கண்ணாடியில் இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமலே இருந்தார்கள். அதுதான் இப்பயணத்தின் தொடக்கம். மக்களிடம் நாங்கள் சொன்னது, ‘இலங்கைக்குச் சுற்றுலா’ என்பது.

தாயாருக்குக் கடவுச்சீட்டுப் பெறுவது பெரும்பாடாயிற்று. பிறந்த ஊர் என்னும் கட்டத்தில் இலங்கை என்று எழுதினோம். ‘அப்படியானால் இந்தியர் என்பதற்கு என்ன சான்று?’ என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஆதாரும் வாக்காளர் அட்டையும் போதவில்லை. கடைசியில் கோத்தகிரி வீட்டுத் தகரப் பெட்டியில், 1970இல் குடும்பத்தோடு கொண்டுவந்த பழைய கடவுச்சீட்டும் மறுவாழ்வுக் குடும்ப அட்டையும் அகப்பட்டன. அவற்றில் என் தாயார் இரட்டைச் சடையோடு இருக்கிறார். காரியம் முடிய ஐந்து மாதங்கள் சென்றன. நம் சங்கத்திலும் தாயகம் திரும்பிய குடும்பங்கள் சில உண்டு என்பதை அறிவேன். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பழைய தாள்களை எக்காரணம் கொண்டும் எறிந்துவிடாதீர்கள், பிரதி எடுத்து வையுங்கள். விசாவைப் பற்றிய விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. புறப்படும் மாதத்தில் இலங்கை அரசின் குடிவரவுத் துறை அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே முறை. சென்ற ஆண்டு போய்வந்த நண்பர் சொல்லை நம்ப வேண்டாம்.

தோட்டத்தைக் கண்டுபிடித்தது வேறொரு கதை. மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் படத்திலும் கணக்கேட்டிலும் ஒரு பெயர். அங்குள்ள தமிழர் வாயில் வேறொரு பெயர். தாயாருக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டும். ‘பிரட்டுக் களத்திலிருந்து பார்த்தால் எதிரே சிவனொளிபாத மலை தெரியும்; பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில்’ என்று அவர் சொன்ன அடையாளங்களைக் கொண்டு ஹட்டன் சுற்றுவட்டத்தில் பாதித் தோட்டங்களைச் சொல்லலாம். பேரப்பிள்ளையே பெயரை எழுதி அனுப்பினான். தோட்டத்துக்குள் அயலார் செல்ல நிருவாகத்தின் இசைவு வேண்டுமாதலால் அதற்கும் அவனே ஏற்பாடு செய்கிறான்.

இனி, மற்ற நாட்களை எப்படிப் பங்கிடுவது என்பதில் எழுந்த வழக்கைச் சொல்கிறேன். மகனுக்கு யால காட்டில் சிறுத்தை பார்க்க வேண்டும். மகளுக்குச் சிகிரியா. மனைவிக்கு நல்லூர்க் கந்தனும் கடற்கரையும். எனக்குக் கல்வெட்டு. மொத்தம் ஒன்பது இரவுகள். அவற்றில் மூன்று ஹட்டனுக்கு. யால தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. அங்கே போய்வந்தால் இரண்டு நாட்கள் கரைந்துவிடும். எனவே அதை நீக்கினேன். மகன் இன்னும் முழு மனத்தோடு என்னிடம் பேசவில்லை. காலிக் கோட்டையும் போயிற்று.

காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணத்தில் இரண்டு இரவுகள். கடலோரத்திலேயே நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணி, நல்லூர், பொதுநூலகம். நல்லூரில் ஆடவர் மேற்சட்டையின்றியே உள்ளே செல்ல வேண்டும். ஆடித் திங்களை ஒட்டி இருபத்தைந்து நாட்கள் நடக்கும் திருவிழாவை நாங்கள் காண இயலாது. நூலகத்தை மக்களுக்குக் காட்டியே தீரவேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அங்கே எரிந்து சாம்பலாயின. இன்று நிற்பது மீண்டும் எழுப்பிய வெண்ணிறக் கட்டடம்.

அங்கிருந்து வண்டி அமர்த்திக்கொண்டு தெற்கே வந்து, தம்புள்ளைக்கு அருகில் இரண்டு இரவுகள். சிகிரியா ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் பாறைமேல் அமைத்த கோட்டை. ஏறத்தாழ 1,200 படிகள். காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்கிவிட வேண்டும். பிறகு பாறை சுடும். இந்தியர் உள்ளிட்ட சார்க் நாட்டினருக்குக் கட்டணம் குறைவு. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பது நன்று. அடுத்த நாள் பொலன்னறுவை. சோழர் இலங்கையை வென்றபின் தலைநகராகக் கொண்ட ஊர் அது. அங்கே அவர்கள் கருங்கல்லால் எடுத்த வானவன்மாதேவி ஈசுவரம் இன்றும் சிதையாமல் நிற்கிறது. 1070இல் விசயபாகு சோழரை வெளியேற்றினான். ஆனால், அதன் பின்னரும் புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் வேளைக்காரர் என்னும் படையினர். அவர்கள் பொறித்த தமிழ்க் கல்வெட்டும் அவ்வூரிலேயே இருக்கிறது. பாடநூலில் வெற்றி, தோல்வி என்று இரண்டே சொற்களாய்ப் படித்த வரலாறு அங்கே இவ்வளவு எளிதாக இராது என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பின்னர் மாத்தளை வழியாகக் கண்டி. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். காப்பித் தோட்ட காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய கூலிகள் காட்டினூடே கால்நடையாக வந்து சேர்ந்த இடம் மாத்தளை. வழியில் மாண்டவர் பலர். கண்டியில் ஓர் இரவு போதும். தலதா மாளிகை, ஏரி, அவ்வளவே. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் 1815இல் முடியிழந்து, வேலூரிலே சிறையிருந்து, 1832இல் மறைந்தான். வேலூர் அன்பர்கள் அவன் அரண்மனையைக் காணும்போது பாலாற்றங்கரையை நினைத்துக்கொள்ளலாம்.

கண்டியிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் போவதுதான் எவரும் சொல்லும் யோசனை. உலகின் அழகிய பாதைகளுள் ஒன்று என்கிறார்கள். ஆனால், 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா புயலில் மலைநாடெங்கும் நிலம் சரிந்து, ரயில் பாதையும் பழுதுற்றது. வண்டி எதுவரை ஓடுகிறது என்று விசாரித்த பின்னரே நம்ப வேண்டும். நாங்கள் மோட்டார் வண்டியையே முடிவு செய்தோம். ‘ஹட்டன் ரயிலடியைப் பார்க்க வேண்டுமா அத்தை?’ என்று என் மனைவி கேட்டாள். தாயார் சற்று யோசித்து, ‘அக்காவைப் பார்த்தபின் சொல்கிறேன்’ என்றார்.

கடைசி இரவு கொழும்பு. அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்த கல்வெட்டொன்று இருக்கிறது. 1409ஆம் ஆண்டு நாளிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் அமைந்தது. 1911இல் காலி நகரில் கிடைத்தது. காலிக்குப் போகாத குறையை இதைக் கண்டு தீர்த்துக்கொள்வேன்.

சில சில்லறைக் குறிப்புகள். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும். ஆயினும் விலைகளும் அதற்கேற்ப உயர்ந்தவையே. ஒவ்வொரு பௌர்ணமியும் ‘போயா’ என்னும் விடுமுறை நாள். நாட்காட்டி பாராமல் திட்டமிட வேண்டாம். ஹட்டனில் இரவில் குளிரும். மும்பைவாசிகள் கம்பளிச் சட்டையை மறந்துவிடுவார்கள். ஈரமான காலத்தில் தேயிலைக்குள் நடந்தால் அட்டை கடிக்கும். தாயார் சொல்வது உப்பு. உணவைப் பற்றிக் கவலையே இல்லை. இடியப்பமும் சொதியும் எங்கும் உண்டு. தோட்டத்தில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் கிடைக்கும். தாயார் மும்பையிலும் அந்தத் தடித்த ரொட்டியைத்தான் சுடுகிறார். சப்பாத்தி அவருக்கு இன்றளவும் வசப்படவில்லை.

சென்ற ஞாயிறன்று பெட்டிகளை இறக்கி நிறுத்துப் பார்த்தோம். பெரியம்மாவுக்கு இரண்டு சேலை, பேரப்பிள்ளைகளுக்குத் துணி, இனிப்பு, மருந்து. தாயாரின் பையில் அரைக்கிலோ பொட்டலம் ஒன்று இருந்தது. மகள் பிரித்துப் பார்த்துவிட்டு, “பாட்டி, இலங்கைக்கு யாராவது தேயிலை கொண்டு போவார்களா?” என்று சிரித்தாள். கோத்தகிரித் தூள் அது. உறவினரிடம் சொல்லித் தருவித்திருக்கிறார். “நான் பறித்த மலையின் தேயிலையை அவள் குடித்ததில்லையே” என்று சொல்லிப் பொட்டலத்தை மறுபடியும் கட்டினார். என் புத்தகங்களில் இரண்டை எடுத்து வைத்துவிட்டு, பெட்டியை மூடினோம்.